வீட்டுல இருந்தே திரைக்கதை படிக்கணுமா? ஆன்லைன் கிளாஸ்ல சேர்றதுக்கு முன்னாடியும் சேர்ந்த பிறகும் செய்ய வேண்டியது, முழு வழிகாட்டி

நான் தக்கலை பக்கம், கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். 2020ல கொரோனா வந்து கல்யாணமெல்லாம் நின்னு போய் ஸ்டூடியோவ பூட்டிட்டு வீட்டுல இருந்தப்பதான் முதல் தடவையா ஒரு ஆன்லைன் திரைக்கதை கிளாஸுக்குக் காசு கட்டுனேன். அது உருப்படல. அதுக்கப்புறம் வேற ரெண்டு கிளாஸ், அதுல ஒண்ணுலதான் உண்மையிலேயே ஏதோ படிச்சேன். இப்ப ஊர்ல ஷார்ட் ஃபிலிம் எடுக்கணும்னு வர்ற பசங்க எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்வி, "அண்ணே எந்த கிளாஸ்ல சேரலாம்?" ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதனால மொத்தமா எழுதிடுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு கதை சொல்லத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல இருந்து மார்த்தாண்டம் போறதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரர் அவரோட மூணு தலைமுறை கதைய சொல்லி முடிச்சிருவார். பிரச்சனையே அங்கதான். வாயால சொல்லும்போது "அவ மூணு வருஷமா தம்பிகூட பேசல, மனசுக்குள்ள அப்படி ஒரு வேதனை"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடலாம். திரைக்கதையில அந்த வரிக்கு இடமே இல்ல. மூணு வருஷத்த கேமராவுக்கு எப்படிக் காட்டுவீங்க? வேதனைய எந்த மைக் பிடிக்கும்? நல்லா கதை சொல்றவன்தான் இதுல அதிகமா தடுமாறுவான், நானும் தடுமாறுனேன்.

முதல் வேலை: காசு கட்டுறதுக்கு முன்னாடி

கிளாஸ் ரெண்டு வகை. ஏற்கெனவே ரெக்கார்ட் பண்ணி வச்ச வீடியோ ஒரு வகை, ஜூம் இல்லன்னா கூகுள் மீட்ல நேரடியா நடக்குறது இன்னொரு வகை. ரெக்கார்டட் கிளாஸ் விலை கம்மியா இருக்கும், நேரம் நம்ம இஷ்டம், ஆனா நீங்க எழுதுனத யாரும் படிக்க மாட்டாங்க. அந்த ஒண்ணு இல்லன்னா மத்த எதுவும் பெருசா பிரயோஜனம் இல்லங்கிறது என் அபிப்பிராயம், ஏன்னா தியரி எல்லாம் யூடியூப்ல சும்மாவே கெடைக்குது.

அதனால சேர்றதுக்கு முன்னாடி போன் பண்ணி கேளுங்க. நாங்க எழுதுற சீன யார் படிப்பாங்க, சொல்லிக்குடுக்குறவரா இல்ல அவரோட அசிஸ்டென்டா? எழுத்துல கமென்ட் வருமா? ஒரு பேட்ச்ல எத்தனை பேர்? 200 பேர் இருக்குற பேட்ச்ல உங்க மூணு பக்கத்த யாரும் படிக்கப் போறதில்ல, பத்து பதினஞ்சு பேர் இருந்தா படிப்பாங்க. சொல்லிக்குடுக்குறவர் எழுதி எடுத்த படம் ஏதாவது வெளிய வந்திருக்கா, குறைஞ்சது ஒரு ஷார்ட் ஃபிலிமாவது? பணம் திரும்பக் கெடைக்குமா, கெடைக்கும்னா எத்தனை நாளைக்குள்ள?

"கோர்ஸ் முடிச்சா டைரக்டர்கிட்ட அசிஸ்டென்டா சேர்த்து விடுறோம்"னு யாராவது சொன்னா போன வச்சிருங்க. அப்புறம் "லைஃப்டைம் ஆக்சஸ்"ங்கிற வார்த்தை. நான் முதல்ல சேர்ந்த கிளாஸ்ல அதுதான் போட்டிருந்துச்சு, ஏழாவது மாசம் லிங்க்க தட்டுனா பக்கமே திறக்கல, நம்பருக்கு அடிச்சா எடுக்க ஆள் இல்ல. யாரோட லைஃப்னு முன்னாடியே கேட்டிருக்கணும்.

புனேயில இருக்குற எஃப்டிஐஐ, 1960ல ஆரம்பிச்ச அரசாங்க சினிமா கல்லூரி, அவங்களும் குறுகிய கால ஆன்லைன் கோர்ஸ் நடத்துறாங்க, திரைக்கதைக்கும் வரும். ஆனா பாடம் பெரும்பாலும் இங்கிலீஷ் இல்லன்னா ஹிந்தியில இருக்கும், அது ஓகேன்னா அவங்க வெப்சைட்ட அப்பப்ப பாத்துட்டு இருங்க. தமிழ்லதான் வேணும்னா பெரும்பாலும் தனியா நடத்துறவங்கதான், அங்கதான் மேல சொன்ன கேள்வியெல்லாம் கேக்கணும்.

ரெண்டாவது: வீட்ட தயார் பண்றது

லேப்டாப் இருந்தா நல்லது, இல்லன்னாலும் போன்லயே முடியும், என்கூட படிச்ச பொண்ணு ஒண்ணு குலசேகரத்துல இருந்து முழு கோர்ஸையும் போன்லதான் முடிச்சா. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கமெல்லாம் ஜூன் மாசம் மழை புடிச்சா கரண்டும் போகும் நெட்டும் போகும்னு உங்களுக்கே தெரியும், அதனால நேரடி கிளாஸா இருந்தாலும் ரெக்கார்டிங் அன்னைக்கே குடுப்பாங்களான்னு கேட்டுக்கோங்க.

தமிழ் டைப்பிங் யூனிகோட்லயே பழகுங்க, தமிழ்99 கீபோர்ட் முறை ஆனாலும் சரி, போன்ல ஜிபோர்ட் ஆப் ஆனாலும் சரி. பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்சு அனுப்புனா அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல வெறும் இங்கிலீஷ் எழுத்தா தெரியும், வாத்தியார் என்ன படிப்பார்.

சாஃப்ட்வேர் விஷயத்துல ஒரு சின்ன கூத்து இருக்கு, யாரும் சொல்லித் தர மாட்டாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். ஃபைனல் டிராஃப்ட்னு ஒண்ணு இருக்கு, காசு அதிகம், இப்ப வேண்டாம். ரைட்டர்டூயட்ல சில ஸ்கிரிப்ட் வரைக்கும் சும்மா எழுதலாம். ஃபவுண்டன்னு ஒரு எழுத்து முறை இருக்கு, சாதாரண நோட்பேட்ல அடிச்சாலே அத திரைக்கதையா மாத்திக்கிற ஆப்கள் இருக்கு. ஆனா அது கேரக்டர் பேர எப்படி கண்டுபிடிக்கும்னா, ஒரு வரி முழுக்க இங்கிலீஷ் பெரிய எழுத்துல இருந்தா அது பேருன்னு எடுத்துக்கும். தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து ஏது? அதனால தமிழ்ல அடிச்சா எல்லாத்தையும் ஒரே பத்தியா போட்டு குழப்பிடும். வழி என்னன்னா பேருக்கு முன்னாடி @ போடணும், சீன் தலைப்புக்கு முன்னாடி ஒரு புள்ளி வைக்கணும், அவ்வளவுதான். இது தெரியாம நான் ஒரு வாரம் மண்டைய உடைச்சேன்.

இன்னொண்ணு, எல்லா கிளாஸ்லயும் "ஒரு பக்கம்னா ஒரு நிமிஷம்"னு சொல்லுவாங்க. அது கூரியர் ஃபான்ட், 12 சைஸ், இங்கிலீஷ் ஸ்கிரிப்டுக்கு வச்ச கணக்கு. கூரியர்ல தமிழ் எழுத்தே கெடையாது, நாம வேற ஃபான்ட்லதான் அடிக்கிறோம், தமிழ் வார்த்தையும் நீளம், அதனால அந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. நம்ம ஆளுங்க பல பேர் இன்னும் பக்கத்த ரெண்டா பிரிச்சு இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம்னுதான் எழுதுறாங்க, அதுலயும் பக்கக் கணக்கு நிக்காது. போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு, நடிக்கிற வேகத்துல சத்தமா படிச்சு நிமிஷத்த எழுதி வைங்க.

மூணாவது: கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வாரம்

உங்களுக்கு ரொம்ப புடிச்ச, பத்து தடவை பாத்த ஒரு தமிழ்ப் படத்த எடுங்க. கதைதான் தெரியுமே, அதனால மயங்காம பாக்கலாம். ஒரு நோட்டுல ஒவ்வொரு சீனுக்கும் ஒரு வரி: எத்தனையாவது நிமிஷம், எங்க, யார் யார், சீன் முடியும்போது என்ன மாறிச்சு. கடைசியா சொன்ன அந்த மாற்றம்தான் முக்கியம். ஒண்ணுமே மாறலன்னா ஒரு கோடு போடுங்க. இன்டர்வெல் எந்த நிமிஷத்துல வருதுன்னு வட்டம் போட்டு வைங்க. படம் ரெண்டரை மணி நேரம்னா இந்த வேலைக்கு நிறுத்தி நிறுத்தி ஒரு முழு ஞாயிறு போயிரும், எனக்கு சாயா மட்டும் ஆறு கிளாஸ் போச்சு. ஆனா முதல் கிளாஸ்ல ஸ்ட்ரக்சர், அதாவது கதையோட கட்டமைப்புன்னு வாத்தியார் ஆரம்பிக்கும்போது மத்தவங்க முழிப்பாங்க, உங்க கையில மேப் இருக்கும்.

நாலாவது: கிளாஸ்ல காதுல விழப் போற வார்த்தைகள்

லாக்லைன்: யாருக்கு என்ன வேணும், எது தடுக்குது, கெடைக்கலன்னா என்ன போகும், இது எல்லாம் ஒண்ணு ரெண்டு வாக்கியத்துல. "குளச்சல் மீனவர்களின் வாழ்க்கை" அப்படிங்கிறது லாக்லைன் இல்ல, அது டாபிக். "கடன்ல மூழ்கப் போற வள்ளத்த காப்பாத்த, கடலுக்கே போக மாட்டேன்னு சத்தியம் பண்ணுன ஒருத்தன் ஒரே ஒரு ராத்திரி மறுபடி கடலுக்குப் போறான்", இது லாக்லைன் மாதிரி இருக்கு. ஒன்லைன்னு நம்ம சினிமாக்காரங்க சொல்றத சில பேர் இந்த லாக்லைனுக்கும் சொல்லுவாங்க, சில பேர் சீன் வரிசைய ஒவ்வொரு வரியா எழுதுற லிஸ்டுக்கும் சொல்லுவாங்க, உங்க வாத்தியார் எத சொல்றார்னு கேட்டுக்கோங்க. எல்லா சீனும் வசனத்தோட முழுசா எழுதி முடிச்சா பவுண்ட் ஸ்கிரிப்ட்.

அப்புறம் மூணு ஆக்ட், அதாவது கதைய மூணு பாகமா பிரிக்கிறது. அமெரிக்காவுல ஸிட் ஃபீல்ட்ங்கிறவர் 1979ல எழுதுன புத்தகத்துல இருந்து பரவுன கணக்கு இது, 120 பக்க ஸ்கிரிப்ட்னா முதல் 30 பக்கம் ஆள அறிமுகப்படுத்தி பிரச்சனையில தள்ளு, நடு 60 பக்கம் போராட விடு, கடைசி 30ல முடிச்சு விடு. கேக்க நல்லா இருக்கும், ஆனா அந்தக் கணக்குல இன்டர்வெல் கெடையாது. நம்ம ஊர்ல ஜனம் பாதியில எழுந்து பாப்கார்ன் வாங்கப் போகுது, திரும்பி வந்து உக்காரணும்னா 60ஆவது பக்கத்துல ஒரு பெரிய கதவ திறந்து வச்சுட்டுத்தான் அனுப்பணும். அதனால தமிழ்ப் படம் எழுதுறவன் மூணு ஆக்ட்ட தெரிஞ்சு வச்சுட்டு, மனசுல ஃபர்ஸ்ட் ஹாஃப் செகண்ட் ஹாஃப்னுதான் கணக்கு போடுவான். போன வாரம் நீங்க வட்டம் போட்ட அந்த நிமிஷத்த இப்ப எடுத்துப் பாருங்க. இதுக்கு மேல ஸ்ட்ரக்சர் பத்தி பேசி நேரத்த வீணாக்க வேண்டாம், புதுசா படிக்கிறவன் சீனே எழுதாம டயகிராம் மட்டும் வரைஞ்சுட்டு இருப்பான்.

அஞ்சாவது: ஒரு சீன், இதுலதான் எல்லாம்

எனக்கு ரெண்டாவது வாரம் வந்த ஹோம்வொர்க், "சண்டை போட்ட ரெண்டு பேர் ரொம்ப நாளைக்கப்புறம் பாக்குறாங்க". நான் முதல்ல எழுதி அனுப்புனது இது:

"மேரிக்கும் தம்பி தங்கராஜுக்கும் சொத்துத் தகராறு. மூணு வருஷமா பேச்சு இல்லை. அம்மா நட்ட அயனி மரத்தை அவன் கேட்காமல் வெட்டியதில் அவளுக்குத் தீராத கோபம். பழைய நினைவுகளுடன் கனத்த மனதோடு வீட்டுக்குள் வருகிறாள்."

வாத்தியார் நாலு வரியிலயும் அடியில கோடு போட்டு ஒரே கேள்விதான் எழுதியிருந்தார், "இத யார்கிட்ட சொல்றீங்க? கேமராமேன்கிட்டயா?" நான் திரும்ப எழுதுனது, மூணாவது தடவை, இதுதான்:

.வெளி. தங்கராஜ் வீட்டு முற்றம் - பகல்

புது இரும்பு கேட். வெளியே மேரி, 52, கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். கம்பிக்கு நடுவே கையை விட்டுக் கொண்டியைத் தேடுகிறாள். கிடைக்கவில்லை. உள்ளே நாய் குரைக்கிறது. தங்கராஜ், 45, சாரத்தை மடித்துக் கட்டியபடி வருகிறான்.

@தங்கராஜ்
கொண்டிய மேல தூக்கணும் அக்கா.

@மேரி
பண்டு இஞ்ச கேட்டே கெடையாதே.

உள்ளே வருகிறாள். முற்றத்தின் ஓரத்தில் வெட்டிய மரத்தின் அடிமூடு. அதைச் சுற்றி நடக்கிறாள். வாசலில் புதுக் கதவு, பாலீஷ் மினுங்குகிறது. மேரி கதவைத் தொடுகிறாள். மரத்தின் வரியை விரலால் தடவுகிறாள்.

@தங்கராஜ்
சாயா குடிக்கியா?

@மேரி
சீனி போடாண்டாம்.

@தங்கராஜ்
எப்பம் தொட்டு?

மேரி கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

பாருங்க, சொத்து, பாகம், வழக்கு எந்த வார்த்தையும் இல்ல. பொறந்த வீட்டு கேட்ட திறக்கத் தெரியல, அந்த வீட்டு நாய்க்கு அவள அடையாளம் தெரியல, அக்காவுக்கு சுகர் வந்தது தம்பிக்குத் தெரியல. மூணு வருஷம்னு சொல்ல வேண்டிய தேவையே போச்சு. இது ஒரு வீட்டுல நானே பாத்தது, கேட்டு விஷயம் மட்டும், மீதி எல்லாம் சேர்த்தது.

இதுக்குக் கடைசியில இன்னொரு வசனம் வச்சிருந்தேன், "அம்ம நட்ட அயனியாக்கும் இது, என்னட்ட ஒரு வார்த்த கேட்டியா?"ன்னு மேரி கேக்குற மாதிரி. எனக்கு அந்த வரி ரொம்ப புடிச்சிருந்துச்சு. வாத்தியார் அத வெட்டச் சொன்னார். ரெண்டு நாள் அவர்கிட்ட வாட்ஸ்அப்ல மல்லுக்கு நின்னேன், அந்த வரி இல்லன்னா அந்தக் கதவு அம்மா நட்ட மரம்னு பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்னு. அவர் சொன்னது, அப்ப பத்து சீனுக்கு முன்னாடி மேரி வீட்டுச் சுவர்ல ஒரு போட்டோ மாட்டு, அம்மா அந்த மரத்தடியில நிக்கிற மாதிரி, அதுபோதும்னு. இங்க சொல்ல முடியாதத முன்னாடியே நட்டு வச்சுட்டு வரணும், செட்டப் பேஆஃப்னு கிளாஸ்ல சொல்றது இதைத்தான்.

நீங்களும் எழுதி முடிச்ச சீன்ல ஒவ்வொரு வரியா விரல வச்சு கேளுங்க, இது கண்ணுக்குத் தெரியுமா, காதுக்குக் கேக்குமா. ரெண்டும் இல்லன்னா அடிச்சிருங்க. "நினைக்கிறான்", "உணர்கிறாள்", "வழக்கம்போல", "பல வருடங்களாக", இந்த நாலு வார்த்தையையும் ஃபைல்ல சர்ச் போட்டு பாத்தாலே பாதி தப்பு மாட்டிக்கும்.

ஆறாவது: வசனம், அதுலயும் நம்ம ஊர் வசனம்

கன்னியாகுமரி பேச்சுன்னு ஒரே பேச்சு கெடையாது. விளவங்கோடு பக்கம் மலையாளம் கலந்து வர்றது வேற, தோவாளை அகஸ்தீஸ்வரம் பக்கம் நாஞ்சில்நாட்டுப் பேச்சு வேற, கடற்கரை ஊர்கள் பேச்சு அதுலயும் வேற. 1956 நவம்பர் 1ம் தேதி வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்த மாவட்டம், பேச்சுல அது இன்னும் கெடக்கு. சினிமாவுல நம்ம ஆளா நடிக்கிறவங்க வரிக்கு வரி "ஆக்கும் ஆக்கும்"னு போடுறப்ப நமக்கு எரிச்சல் வருதுல்ல, அதையே நாமளும் எழுதிறக் கூடாது. யார் பேசுறா, யார்கிட்ட பேசுறா, வயசு என்ன, எந்த ஊர்ன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ஒரே ஆள் வீட்டுல "போடாண்டாம்"பான், பேங்க் மேனேஜர்கிட்ட "வேண்டாம் சார்"ம்பான், அந்த மாற்றத்துலயே கேரக்டர் வந்திரும்.

இதுக்குப் பயிற்சி, தினமும் பஸ்ல போகும்போதோ சந்தையிலயோ காதுல விழுற ரெண்டே ரெண்டு வரிய அப்படியே போன்ல டைப் பண்ணி வைங்க. பேசுனவங்க பேர் ஊர் எழுத வேண்டாம், ரெக்கார்ட் பண்ணவே வேண்டாம், அது மரியாதையும் இல்ல. ஒரு மாசத்துல அறுபது வரி சேரும், அதுல அம்பது குப்பை.

ஏழாவது: ஹோம்வொர்க்கும் திட்டு வாங்குறதும்

எட்டு வார கிளாஸ்னா மூணாவது நாலாவது வாரத்துல பாதிப் பேர் காணாம போயிருவாங்க, ஏன்னா அப்பதான் முதல் கமென்ட் வரும். கமென்ட் வந்த அன்னைக்கு பதில் போடாதீங்க, நான் செஞ்ச தப்பு அது. ஒரு ராத்திரி கழிச்சு படிச்சா பாதி நியாயமா தெரியும். கூடப் படிக்கிறவங்கள்ல ஒழுங்கா எழுதுற மூணு பேர புடிச்சு தனி குரூப் வைங்க. வாரத்துல ஒரு நாள் போன் கால்ல ஒருத்தர் எழுதுன சீன இன்னொருத்தர் சத்தமா படிக்கணும், எழுதுனவன் வாயத் திறக்கக் கூடாது. படிக்கிறவங்க நாக்கு எங்க தட்டுதோ அந்த வரிதான் சரியில்ல.

குறி வைக்க வேண்டியது எட்டு வாரத்துல ஒரு ஷார்ட் ஃபிலிம் ஸ்கிரிப்ட், அஞ்சாறு நிமிஷம், நாலு கேரக்டருக்கு மேல வேண்டாம், நீங்க நடந்து போயி பாக்கக்கூடிய ரெண்டு இடம். முழு நீளப் படம் இப்ப ஆரம்பிச்சா நாப்பதாவது பக்கத்துல நின்னுரும். மாத்தூர் தொட்டிப்பாலம், முட்டம் பாறைன்னு அழகான இடத்த வச்சு கதை யோசிக்க வேண்டாம், அங்க ஏற்கெனவே ஊருப்பட்ட பாட்டு எடுத்தாச்சு. ரப்பர் ஷீட் உலர்த்துற கொடி, தோவாளை பூச்சந்தையில விடியக்காலம் விலை பேசுற இடம், ஒரு ஆளு தினமும் உக்காருற சாயாக்கடை பெஞ்சு, இந்த மாதிரி இடத்துல ஆளுங்களுக்கு ஒரு வேலை இருக்கும், கை சும்மா இருக்காது, சீன் தானா நகரும்.

சென்னை போனாத்தான் எழுத முடியும்ங்கிறதும் இல்ல, எழுத்தாளர் ஜெயமோகன் நாகர்கோவில்ல இருந்துட்டுதான் படங்களுக்கு எழுதுறார். ஆனா ஒரு விஷயம், தமிழ் சினிமாவுல ஸ்கிரிப்ட்ட அனுப்புனா உடனே படிச்சிருவாங்கன்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் நேர்ல உக்காந்து கதை சொல்லச் சொல்லுவாங்க. அங்கதான் வடசேரி பஸ் வாய் மறுபடி உதவும். முழுக் கதைய அஞ்சு நிமிஷத்துலயும், அரை மணி நேரத்துலயும் ரெண்டு விதமா சொல்லிப் பழகி வைங்க, கிளாஸ்ல நரேஷன் பயிற்சி இல்லன்னா கேட்டு வாங்குங்க.

எட்டாவது: திருட்டு பயம்

கிளாஸ் குரூப்ல போட்டா கதைய சுட்டுருவாங்களேன்னு எல்லாரும் கேப்பாங்க. 1957ஆம் வருஷத்து காப்பிரைட் சட்டப்படி வெறும் ஐடியாவுக்கு பாதுகாப்பு கெடையாது, எழுதுன வடிவத்துக்குத்தான், 1978ல ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் அதத்தான் சொல்லிச்சு. அதனால "அக்கா தம்பி மரத்தகராறு"ங்கிறத யாரும் எடுக்கலாம், மேல இருக்குற சீன அப்படியே எடுக்க முடியாது. எழுதுன உடனேயே உரிமை உங்களுது, பதிவு பண்றது கட்டாயம் இல்ல, ஆனா நாளைக்கு ஒரு தகராறுன்னா பதிவு உதவும். காப்பிரைட் ஆபீஸ் வெப்சைட்ல ஆன்லைன்லயே போடலாம், இலக்கியப் படைப்புங்கிற வகையில 500 ரூபாய், உங்க விண்ணப்பத்துக்கு டைரி நம்பர்னு ஒரு எண் குடுப்பாங்க, யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு 30 நாள் வச்சிருந்துட்டுத்தான் அடுத்த கட்டம் நகரும். மும்பையில இருக்குற ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன்ல உறுப்பினர் ஆனா அங்கயும் ஆன்லைன்ல பதியலாம், சென்னையில தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர் சங்கம் இருக்கு. அஞ்சு நிமிஷ ஹோம்வொர்க்குக்கெல்லாம் இது தேவையில்ல, அத உங்க மெயில்ல இருந்து உங்க மெயிலுக்கே தேதியோட அனுப்பி வச்சா ஒரு கணக்கு இருக்கும், அது பதிவுக்கு சமம்னு மட்டும் நெனச்சுக்க வேண்டாம்.

கிளாஸ் முடிஞ்சதும் ஸ்கிரிப்ட்ட ஒரு மாசம் திறக்காம வைங்க. அந்த கேட்டு சீன் இருந்த ஸ்கிரிப்ட் முதல்ல ஸ்டாப்வாட்ச்ல ஒன்பது நிமிஷம் வந்துச்சு, ஒரு மாசம் கழிச்சு திறந்து வெட்டுனதுல ஆறரை ஆச்சு. வெட்டுனது பெரும்பாலும் மேரி பேசுன வரிகள்தான்.